மறுகால் இல்லாத குளம்

எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம். ஜொகூர் பாரு பக்கம் ஒரு தனி வீட்டின் பின்னால் கட்டப்படும் நீச்சல் குளம் இந்த அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 45,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பழைய கேலன் கணக்கில் ஏறக்குறைய 10,000 கேலன். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூர், ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம், 2061 வரைக்கும். ஆயிரம் கேலனுக்கு விலை 3 சென். அந்த விலையில் கணக்குப் போட்டால் நம்முடைய குளத்தை நிரப்ப ஆகும் செலவு 30 சென்!

அது சுத்திகரிக்காத ஆற்று நீரின் விலை என்பது தெரியும். அதே ஒப்பந்தப்படி சிங்கப்பூர் சுத்திகரித்துத் திருப்பி விற்கும் தண்ணீருக்கு ஆயிரம் கேலனுக்கு 50 சென். அப்படிப் பார்த்தாலும் ஒரு குளம் 5 ரிங்கிட்தான். வீட்டுக்கு வரும் தண்ணீர் பில் இதைவிட அதிகம். ஆனாலும் பின்வாசலில் போடும் டைல்ஸ் செலவோடு ஒப்பிட்டால் அதுவும் ஒன்றுமே இல்லை. தண்ணீர் விஷயத்தில் எது சரி எது தப்பு என்று விலையைக் கேட்டால் விலை வாயைத் திறக்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீச்சல் குளம் என்றதும் நமக்கு வரும் கோபத்தில் பாதி, கணக்குப் பார்க்காமல் வருகிற கோபம்.

கூலாயில் என் தாய்மாமா வீடு கட்டுகிறார். பின்னால் குளம் உண்டு. குளத்துக்கு என்ன 'அலங்காரம்' வைப்பது என்று கொன்ட்ராக்டர் சில படங்களைக் கொடுத்திருக்கிறார். சுவரில் உள்ள நீளமான பிளவிலிருந்து கண்ணாடித் தாள் மாதிரி விழும் அருவி ஒன்று. செயற்கைப் பாறைகளை அடுக்கி அதன் வழியாக விழவிடுவது ஒன்று. கரையிலிருந்து வளைந்து பாயும் மெல்லிய தாரைகள், ஆழமில்லாத படியில் கொப்பளிக்கும் ஊற்று, சுவரில் வரிசையாகப் பித்தளை வாய்கள். கடைசியாக, ஒரு பக்கம் கரையே இல்லாததுபோல நீர் வழிந்து மறையும் விளிம்பு. "நீதான் கதை கட்டுரைன்னு எழுதுற ஆளு, எது நல்லா இருக்கும்னு சொல்லு" என்று மாமா படங்களை அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது: எதுவும் வேணாம் மாமா. ஆனால் ஏன் வேண்டாம் என்று யோசிக்க உட்கார்ந்தபோது, கையிலிருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

முதல் காரணம், தண்ணீர் வீணாகிறது. உண்மையில் இந்த அருவிகள் எதுவும் புதுத் தண்ணீர் கேட்பதில்லை. குளத்து நீரையே பம்ப் எடுத்து மேலே தள்ளுகிறது, அது மறுபடியும் குளத்தில் விழுகிறது. தாள் மாதிரி கிழியாமல் விழ வேண்டுமென்றால் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 150 லிட்டர் ஓட வேண்டும். அந்தக் கணக்கில் ஐந்து மணி நேரத்தில் மொத்தக் குளமும் ஒரு முறை அருவியாக விழுந்து எழுந்துவிடும். தெறிப்பதும் ஆவியாவதும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்த ஆவியையும் ஜொகூரின் வானம் திருப்பிக் கொடுத்துவிடும். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. திறந்த குளத்திலிருந்து ஆண்டில் ஆவியாகிப் போவது அதைவிடக் குறைவு. வறண்ட மாதங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், இங்கே பின்வாசல் குளத்தின் பிரச்சினை வற்றுவது இல்லை, நிரம்பி வழிவதுதான்.

இரண்டாவது காரணம், மின்சாரம். இதில் கொஞ்சம் பலம் இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் பம்ப் தினமும் நாலு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 90 யூனிட் ஆகும். நம் மின்சாரத்தில் பெரிய பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஜொகூரிலேயே, பொந்தியான் கரையோரம் தஞ்சோங் பின்னில், அப்படியொரு பெரிய நிலையம் உண்டு. பாறையிலிருந்து குளிர்ச்சியாக விழும் அந்த அருவி எங்கேயோ எரியும் நெருப்பிலிருந்து விழுகிறது என்று சொல்லலாம். ஆனால் இதே வாதம் ஏர்கோனுக்கும் பொருந்தும். ஏர்கோன் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறவர் மாமாவிடம் போய் 90 யூனிட்டைப் பற்றிப் பேச முடியாது.

மூன்றாவது காரணம், செயற்கை. கோத்தா திங்கியில் 36 மீட்டர் உயரத்தில் நிஜ அருவி விழும்போது சிமெண்ட் பாறை எதற்கு என்று கேட்கலாம். ஆனால் பாலத்தைத் தாண்டினால் சாங்கி விமான நிலையத்தில், 2019இல் திறந்த கண்ணாடிக் கூரைக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு செயற்கை அருவி விழுகிறது. மழை நீரைச் சேர்த்து ஓடுவது அது. விமானம் ஏறாதவர்களும் போய் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன், பிடித்திருந்தது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் பேத்தியைத் தோளில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பொருள் செயற்கையாக இருப்பதாலேயே அது பொய்யாகிவிடாது.

ஆக லிட்டர், யூனிட், சிமெண்ட் மூன்றும் போய்விட்டன. மனதில் உறுத்தல் மட்டும் போகவில்லை. அது எங்கே இருக்கிறது என்பதை மாமாவின் பதில்தான் காட்டியது. ஒன்றும் வேணாமே மாமா, சும்மா குளம் மட்டும் போதாதா என்று கேட்டதற்கு, அவர் ரொம்ப நேரம் கழித்துக் குரல் பதிவு அனுப்பினார்.

"தோட்டத்துல லயத்துக்கு ஒரு பைப்பு. காலையில ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம். உங்க பாட்டி பிரட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே வாளிய வரிசையில வெச்சிட்டுப் போயிரும். நாங்க புள்ளைங்க காவல். தண்ணி வர்றதுக்கு முன்னாடி காத்து வரும், பைப்பு இருமும். அந்தச் சத்தம் கேட்டதும் எவனாவது ஒருத்தன் 'தண்ணி வந்துருச்சு'ன்னு லயம் பூரா கத்திக்கிட்டு ஓடுவான். அதுக்கப்புறம் பைப்பு நிக்கிற வரைக்கும் சத்தந்தான். இன்னிக்கும் எனக்கு ராத்திரி தண்ணி சத்தம் கேட்டா நல்லா தூக்கம் வரும். குளிக்கிறதுக்கா குளம் கட்டுறேன்? எனக்கு நீச்சலே தெரியாதுல்ல."

இதற்கு மேல் ஆடம்பரம் என்ற சொல்லை அவரிடம் எப்படி எடுப்பது? அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், தன் தாய் வரிசையில் நிற்கவைத்த வாளிக்குப் பதிலாக ஒரு மீட்டர் அகல அருவி கேட்கிறார். தண்ணீருக்காகக் காத்திருக்காத தலைமுறையில் பிறந்த நான், எளிமையைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்துவது அசிங்கம். எளிமை ஒரு அழகு என்று சொல்வதற்கு, அது நம்முடைய தேர்வாக இருந்திருக்க வேண்டும். லயத்து மக்களுக்கு அது தேர்வாக இருக்கவில்லை.

அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் ஏங்குவது நிறைய தண்ணீருக்காக இல்லை என்று எனக்குப் பட்டது. அவர் நினைவில் இருப்பது தண்ணீர் வருவது. காற்று, இருமல், கூப்பாடு, பிறகு தண்ணீர். அந்தச் சத்தத்தில் ஒரு சேதி இருந்தது, அது லயம் முழுவதற்குமான சேதி. பம்ப் சுழற்றும் அருவியில் ஓட்டம் இருக்கிறது, வரவு இல்லை. அது எங்கிருந்தும் வரவில்லை. விழுந்ததே எழுந்து மறுபடி விழுகிறது.

பழைய நீர் அலங்காரங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரிகின்றன. இலங்கையில் சிகிரியாவின் நீர்த்தோட்டத்தில், ஐந்தாம் நூற்றாண்டின் ஊற்றுகள் இருக்கின்றன. துளையிட்ட கல் பலகைகள், அடியில் கால்வாய், உயரத்திலிருந்து வரும் நீரின் அழுத்தம். பம்ப் கிடையாது. மழைக்காலத்தில் அவை இன்றும் கொப்பளிக்கின்றன, வெயில் காலத்தில் சும்மா இருக்கின்றன. அனுராதபுரத்தின் இரட்டைக் குளத்தில் நீர் நேராக உள்ளே வராது. முதலில் ஒரு சின்னத் தொட்டியில் வண்டல் தங்கும், அதன் பிறகு மகர வாய் வழியாகக் குளத்தில் விழும். செதுக்கிய அந்த வாய் அழகுதான். அந்த அழகு, நீர் உள்ளே நுழையும் இடத்தில், தெளிந்த பிறகு வைக்கப்பட்டிருக்கிறது. வாயில் நீர் இருந்தால் வரத்து இருக்கிறது என்று பொருள், இல்லையென்றால் இல்லை. அலங்காரமே அளவுகோலாகவும் இருந்தது.

பிரான்சில் பதினான்காம் லூயி இதைத் தலைகீழாக்கினார். வெர்சாய் தோட்டத்து ஊற்றுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்ட அங்கே தண்ணீர் போதவில்லை. செய்ன் ஆற்றிலிருந்து நீர் ஏற்ற 1684இல் பதினான்கு சக்கரங்கள் கொண்ட ராட்சத இயந்திரம் கட்டியும் போதவில்லை. அதனால் ராஜா நடந்து வரும்போது ஆட்கள் விசில் அடித்துச் சொல்வார்கள், அவர் போகும் பக்கத்து ஊற்றுகள் மட்டும் திறக்கப்படும். அவர் கடந்ததும் மூடப்படும். ராஜாவின் கண்ணுக்குத் தண்ணீர் ஒருநாளும் தீர்ந்ததே இல்லை. பின்வாசல் அருவிக்கு ரிமோட் கொடுக்கிறார்களே, அதை அழுத்தும்போது எனக்கு அந்த விசில்தான் நினைவுக்கு வருகிறது.

கொன்ட்ராக்டர் அனுப்பியதில் மாமாவுக்கு ரொம்பப் பிடித்தது கடைசிப் படம், கரையில்லாத விளிம்பு. அதைப் பார்த்ததும் எனக்குத் தமிழ்நாட்டுக் கண்மாய் ஞாபகம் வந்தது. கண்மாயின் கரையில் ஒரு இடத்தில் கல்லால் கட்டிய வழிவு இருக்கும், கலிங்கு என்பார்கள். கண்மாய் நிறைந்தால் மிஞ்சிய நீர் அதன் மேல் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அதை மறுகால் பாய்வது என்பார்கள். மறுகால் பாயுது என்று தெரிந்தால் ஊரே போய்ப் பார்க்கும், பிள்ளைகள் அதில் குதித்து ஆடுவார்கள். அதுவும் ஒரு நீர்வீழ்ச்சிதான். அதன் சத்தத்துக்கு இரண்டு அர்த்தம்: நமக்கு நிறைந்துவிட்டது, அடுத்தவருக்குப் போகிறது.

கரையில்லாத விளிம்பு அந்த மறுகாலின் அச்சு அசல் நகல். நீர் நிறைந்து, கல்லின் மேல் மெல்லிதாகப் படர்ந்து, கீழே வழிகிறது. கீழே அடுத்த ஊருக்குப் பதிலாக ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து பம்ப். பம்ப்பிலிருந்து திரும்பவும் அதே குளம். என் உறுத்தல் இங்கேதான் இருந்திருக்கிறது. நாம் அழகு என்று கண்டுகொண்ட நீரின் உருவங்கள் இரண்டு: வரும் நீர், மிஞ்சிப் போகும் நீர். இரண்டிலும் மற்றவர்கள் இருந்தார்கள். தனி வீட்டு அலங்காரம் அந்த உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவர்களை மட்டும் எடுத்துவிடுகிறது. ஊருணி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் உண்ணும் நீர். செல்வம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல, ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தேடி எடுத்த உவமை அதுதான்.

இது வெறும் உவமைப் பேச்சு என்று தோன்றினால், 2015ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு சுங்கை லாயாங் அணை வற்றி, ஆகஸ்டிலிருந்து பாசிர் கூடாங், மாசாய் பக்கமெல்லாம் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் லிங்கியு நீர்த்தேக்கம் அதன் கொள்ளளவில் 20 சதவிகிதத்துக்கு இறங்கியது. நாங்கள் அப்போது மாசாயில் இருந்தோம். குளியலறை முழுக்க வாளி, தொங்கு, பெயிண்ட் டின். அப்படி ஒரு ராத்திரி பக்கத்து வீட்டில் அருவி ஓடினால் என்ன ஆகும்? கணக்குப்படி அந்த வீட்டுக்காரர் ஒரு சொட்டுக்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை, அவர் குளத்து நீரே சுற்றுகிறது. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் வாளியோடு இருப்பவருக்குத் தண்ணீர் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை. சத்தம் சுவர் தாண்டும், நீர் தாண்டாது. யாரும் எதையும் திருடவில்லை. ஆனாலும் அங்கே ஒரு தவறு நடக்கிறது என்பதை அந்த வாளிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லயத்தில் வளர்ந்த மாமாவுக்கும்தான்.

அதனால் இப்போது நான் மாமாவுக்குச் சொல்வது 'ஒன்றும் வேண்டாம்' இல்லை.

பெரிய பாறை அருவியை விட்டுவிடலாம். அதற்குப் பிள்ளைகள் ஒரு காரணம். தண்ணீரில் மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமில்லாமல் போய்விடுவார்கள். மேல்பரப்பு கலங்கிக்கொண்டே இருந்தால் அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில் குளத்தின் தரை எப்போதும் தெரிய வேண்டும். இன்னொரு காரணம் கொசு. பம்ப்பை நிறுத்தியதும் பாறை இடுக்குகளில் நீர் தேங்கும், ஏடிசுக்கு அது போதும். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் வீட்டு வளாகத்தில் கொசு வளர்ந்தால் அபராதம் நமக்குத்தான், டிங்கி பக்கத்து வீட்டுக்கும். போதாததற்கு, நீர் காற்றோடு அடித்துக்கொண்டே இருந்தால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், அமிலம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சத்தம் வேண்டும் என்கிறீர்களா, வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரே ஒரு பித்தளை வாய். அதைப் பம்ப்போடு சேர்க்காமல் பின் வராந்தாவின் கூரையோடு சேர்க்கச் சொல்லுங்கள். 15 சதுர மீட்டர் கூரையில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் 600 லிட்டர் வரும். குளத்து மட்டம் இரண்டு சென்டிமீட்டர்கூட உயராது. முதலில் வரும் அழுக்கு நீரை வெளியே திருப்பிவிட ஒரு குழாயும், இலை தடுக்க ஒரு வலையும் வேண்டும். மறுநாள் குளோரினைச் சரிபார்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. மழை வந்தால் அந்த வாய் முதலில் இருமும், பிறகு கொட்டும். மழை இல்லாத நாளில் சும்மா இருக்கும். சும்மா இருக்கத் தெரிந்த அருவிதானே மாமா, வந்துருச்சு என்று கத்தவைக்கும்?

இன்னொன்று, மறுகால். குளத்து பம்ப்பின் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, தெருவைப் பார்த்த வெளிச்சுவரில் ஒரு குழாய். தண்ணீர் வெட்டு வந்தால் அக்கம்பக்கத்தார் பிடித்துக்கொள்ளலாம். குளோரின் கலந்த நீர், குடிக்கவோ சமைக்கவோ ஆகாது, ஆனால் கழிவறைக்கும் தரை கழுவவும் ஆகும். குளத்தில் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் 3,000 லிட்டர் கிடைக்கும். ஒரு முறைக்கு 6 லிட்டர் என்றால் கழிவறைக்கு 500 முறை. நாலு வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கும்.

இதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. இது பணக்காரரின் தர்மம்தானே, குளத்தைக் கட்டிக்கொண்டு ஒரு வாளி கொடுத்து மனசாட்சியைக் கழுவுவதுதானே என்று கேட்கலாம். கலிங்கு இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் வைத்திருக்கிறது. மேல் ஊர்க்காரர் மனம் இரங்கி மறுகால் விடுவதில்லை. கல் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது கட்டும்போதே முடிவாகிவிடுகிறது, அதற்கு மேல் ஏறும் நீர் அவருடையது இல்லை. அந்தக் கல்லை உயர்த்தினால் ஊருக்கும் ஊருக்கும் சண்டைதான் வரும். கொடுப்பதை மனநிலையிடம் விடாமல் சுவரில் கட்டிவைப்பது தர்மத்தைவிடக் கொஞ்சம் உறுதியானது, கொடுப்பவருக்குக் கொஞ்சம் பெருமை குறைவானது. வறட்சி வந்த பிறகு வெளிச்சுவரை உடைத்து யாரும் குழாய் வைக்கப் போவதில்லை. வைப்பதென்றால் இப்போதே, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால். இதனால் தனியாருக்குக் குளம், மற்றவருக்கு வாளி என்ற நிலைமை மாறிவிடாது. அது பொந்தியானிலும் லிங்கியுவிலும், ஆயிரம் கேலன் 3 சென் என்று எழுதிய காகிதத்திலும் பேசித் தீர வேண்டிய விஷயம். ஒரு வீட்டுச் சுவர் எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவுதான் இது.

இதையெல்லாம் மாமாவுக்கு எழுதி அனுப்பினேன். கரையில்லாத விளிம்பை விட அவருக்கு இன்னும் மனசில்லை. மழை வாய்க்கு மட்டும் கொன்ட்ராக்டரிடம் விலை கேட்டிருக்கிறார். வெளிக்குழாயைப் பற்றி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு வரி வந்தது: "அப்படி வெச்சா ரொம்பக் கீழ வெக்கக் கூடாது, அடியில வாளி நிக்கணும்."